ஸ்மோக்கோ நேரத்து நிலநடுக்கம்

வெலிங்டனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ஒருவர் கதவருகே வந்து "ஸ்மோக்கோ" என்றார். அடுத்த நொடி நான் படியிறங்கித் தெருவில் நின்றேன். சிவகாசிப் பக்கத்துக்காரியின் காதில் புகை என்று விழுந்தால் மூளைக்கு முன்னால் கால் கிளம்பிவிடும். திரும்பி வந்து பார்த்தால் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். காலை டீ இடைவேளைக்கு நியூசிலாந்துக்காரர்கள் வைத்திருக்கும் பெயராம் அது. "டீ அவ்வளவு பிடிக்காதா?" என்று கேட்டார் எங்கள் குழுத் தலைவர் கிரேம். விளக்கம் சொல்ல வெட்கப்பட்டு ஆமாம் என்றுவிட்டேன். பல மாதம் எனக்கு யாரும் டீ நீட்டவில்லை.

நிலம் குலுங்கிய சில நிமிடங்களில், எந்த ஊரில் எத்தனை பேர் இடிபாட்டில் சிக்கியிருப்பார்கள் என்று எங்கள் அலுவலகத்துக் கணினி மாடல் ஒன்று மதிப்பிடும். மீட்புக்காரர்கள் முதலில் எங்கே போவது என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். பழைய நடுக்கங்களோடு ஒப்பிட்டு அதைத் திருத்துவது என் வேலை. முற்பகல் நடுக்கங்களில் மட்டும் தொழிற்கூடங்களில் சிக்கியவர்களின் எண்ணிக்கையை அது கூட்டியே சொன்னது. மண்ணை மாற்றினேன், கட்டட வலிமையை மாற்றினேன், மசியவில்லை.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு விடை இந்நேரம் தெரிந்திருக்கும். எங்கள் தாயில்பட்டியில் பட்டாசு ஆலைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் எத்தனை பேர் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "ஏலே, டீ நேரமா?" என்றுதான் கேட்பார்கள். டீ நேரமென்றால் ஆட்கள் ரூமுக்குள் இருக்க மாட்டார்கள். அம்மா சரம் பின்னும் ரூமே ஒருமுறை தரைமட்டமானது. அழுதுகொண்டு ஓடினால், எதிரே டம்ளரும் கையுமாக வந்தாள். "நான் வெளியதாண்டி இருந்தேன்" என்றாள்.

மாடலுக்கு ஸ்மோக்கோவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கிரேமிடம் கேட்டேன். "யா, நா" என்றார். ஆமாமையும் இல்லையையும் சேர்த்துச் சொன்னால் இங்கே இல்லை என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. ஆமாமை மட்டும் பிடித்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் காலை, சரியாக ஸ்மோக்கோ வேளையில், தூரத்துப் பள்ளத்தாக்கு ஒன்று குலுங்கியது. போன் எதுவும் போகவில்லை. கைவசம் ஒரே ஹெலிகாப்டர். ஆப்பிள் பேக்கிங் கொட்டகைக்குப் போ என்றது பழைய கணக்கு. டீக்கடைகள் இருக்கும் பழைய செங்கல் தெருவுக்குப் போ என்றது என் கணக்கு. "நிச்சயமா?" என்றார் கிரேம். "கொட்டகை ஆட்கள் வெளியேதான் இருப்பார்கள், இந்நேரம் கூட்டம் டீக்கடைக்குள்தான்" என்றேன். கணக்குத் தப்பினால் அத்தனை உயிரும் என் தலையில். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹெலிகாப்டரைச் செங்கல் தெருவுக்கு அனுப்பினார்.

இடிந்த டீக்கடைக்குள் சிக்கியிருந்த எல்லாரையும் உயிரோடு எடுத்தார்கள். கொட்டகையின் கூரை மொத்தமாக விழுந்திருந்தது. அதன் ஆட்களோ புல்தரையில் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தார்களாம். நான் மேசையைத் தட்டிக் கத்திவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கூச்சமே இல்லை. கிரேம் தன் கையாலேயே டீ போட்டு என் முன்னால் வைத்தார்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"ஏத்தா, அங்கன நிலம் ஆடுச்சாம்ல? நம்ம ஆளுக எல்லாரும் வெளிய வந்துட்டாகளா?"

"வந்துட்டாகம்மா. ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டாக."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அம்மா கேட்டது தமிழர்களை. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு தமிழர்கூட இல்லை.