கட்டிலுக்கு அடியில் இருபத்து மூன்று கம்பிகள்

என் வீட்டுக்காரருக்குக் கடைசல் வேலை. வீட்டின் பின் அறைதான் பட்டறை. பட்டறை என்று பேர்தான், இரும்பைக் கடையும் லேத்தை வைத்த பிறகு அங்கே ஆள் திரும்ப இடமில்லை. அதனால் இரும்பெல்லாம் வீட்டுக்குள் குடியேறிவிட்டது. கதவுக்குப் பின்னால் பட்டை, பீரோவின் மேல் தகடு, கட்டிலுக்கு அடியில் கம்பி. மனுஷனும் ஓரிடத்தில் உட்காரமாட்டார். சாப்பிடும்போதே பாதியில் எழுந்துபோய் ஒரு கம்பியை உருவிப் பார்த்துவிட்டு வருவார். "ஏங்க, அது என்ன எந்திரிச்சு ஓடியா போயிடும்?" என்றால் சிரிப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி போவார்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கறார். பார்வைக்கு எல்லாக் கம்பியும் ஒன்றுதான். அதனால் சாதாரண இரும்புக்கு நுனியில் பச்சைப் பெயின்ட், பாரம் தாங்கும் எஃகுக்குச் சிவப்பு. வெட்டும்போது பெயின்ட் இல்லாத முனையில்தான் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் மிச்சக் கம்பி என்ன ஜாதி என்று கடவுளுக்கும் தெரியாது. கல்யாணமான முதல் வாரம் என்னிடம் ஆசையாகச் சொன்னது இதைத்தான். நான் வேறு ஏதோ எதிர்பார்த்தேன், ம்ஹூம்.

அந்தப் பெயின்ட் நுனிகள் கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். எத்தனை தடவை என் காலைப் பதம் பார்த்திருக்கின்றன! போன திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. அவர் வெளியே போயிருந்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! வெட்டும் மெஷினை எடுத்தேன். அவருக்குக் கூடமாட ஒத்தாசை செய்து பழகிய கைதான். இருபத்து மூன்று கம்பிகளிலும் நீட்டிக்கொண்டிருந்த முழத்தை நறுக்கித் தள்ளினேன்.

நான் ஒன்றும் மக்கு இல்லை. ஒவ்வொரு துண்டையும் அதனதன் கம்பிக்குப் பக்கத்திலேயே வைத்து, அதே நிறத்தைப் புது நுனியில் பூசிக்கொண்டே வந்தேன். பாதியில் தண்ணீர் கேன்காரர் மணியடித்தார். போய்விட்டுத் திரும்பும்போது என் கால் பட்டு இரண்டு துண்டுகள் உருண்டுவிட்டன. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. எது எந்தக் கம்பியுடையது? உருட்டி உருட்டிப் பார்த்தேன். கடைசியில் குத்துமதிப்பாகப் பூசிவிட்டேன்.

அவர் வந்து பார்த்துத் திகைத்துப்போனார். "கலரெல்லாம் சரியாப் பூசினியா?"

"எனக்கென்ன கண்ணா தெரியாது?" என்று எரிந்து விழுந்தேன். அதோடு பேச்சு முடிந்தது.

புதன்கிழமை ஒரு சிவப்புக் கம்பியை உருவி, பாரம் மாட்டும் ஆணி மாதிரி விரல் பருமனில் ஒரு பின் கடைந்து யாருக்கோ கொடுத்தனுப்பினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தேன். இத்தனை கம்பியில் அதையா எடுத்திருப்பார், நான் பூசியது சரியாகக்கூட இருக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கட்டிலில் உட்கார்ந்தால் அடியில் கிடப்பதுதான் ஞாபகம் வந்தது. சொல்லிவிடலாம்தான். ஆனால் அன்றைக்கு அப்படி வாயாடிவிட்டு, இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது? வீம்பு.

சனிக்கிழமை மத்தியானம் என் தம்பி வந்தான். லாரி பழுது பார்க்கிறவன். சோற்றில் கை வைத்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, மாமா செஞ்ச பின்னு பிரமாதம். அதுலதான் எஞ்சினைத் தொங்கவிட்டிருக்கேன். நாலு நாளா அடியில படுத்துத்தான் வேலை பார்க்கறேன்."

பின் அறைக்கு ஓடினேன். ஓடிக்கொண்டிருந்த லேத்தை நானே அணைத்தேன்.

"ஏங்க, அந்தப் பின்னு எஃகு இல்லைங்க! அன்னைக்கு ரெண்டு துண்டு கலந்துபோச்சு. எனக்குத் தெரியும், நான்தான் சொல்லலை. என் தம்பி அதுக்கு அடியிலதாங்க படுக்கறான்!" சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அழாதே. அது நல்ல எஃகுதான்," என்றார். "மறுநாள் நீ கடைக்குப் போனப்ப எல்லாக் கம்பியையும் சாணையில வெச்சுப் பொறி பார்த்துட்டேன். எஃகுன்னா பொறி பூவா வெடிக்கும், சாதா இரும்புன்னா நீளமா ஓடும். ரெண்டு மாறியிருந்துச்சு. சரியாப் பூசிட்டேன்."

அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறுநிமிஷமே கோபம் வந்தது. "அதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"உனக்கே தெரியாம மாறிப்போச்சுன்னு நினைச்சேன். சொன்னா சங்கடப்படுவியேன்னு விட்டுட்டேன்." பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியும்ங்கறதே இப்பதான் எனக்குத் தெரியுது."

நான் தரையிலிருந்து எழுந்தேன்.

"அடியில படுத்திருக்கறது உன் தம்பியா இல்லாம வேற யாரோவா இருந்தா, இப்பவாவது சொல்லியிருப்பியா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மைதானா என்று எனக்கே தெரியவில்லை. அவர் லேத்தை மறுபடி ஓடவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.