உடுக்கைக்கு ஆடாதவள்

அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் தேறாமல் அங்கேயே நின்றுவிட்டாள், நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். வீட்டில் வாய் ஓயாமல் கதை சொல்லுகிறவள், புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகளைக் குழப்பிக்கொண்டு ஊமையாகிவிடுவாள்.

மாதா கோயில் திருவிழாவுக்காகப் பள்ளிக்கூடத்தில் கும்மி பழக்கினார்கள். எல்லோரும் தட்டி முடித்த பிறகு அக்காவின் கை மட்டும் தனியாகத் தட்டும். அந்த நீண்ட ஹாலில் அது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். ஒருநாள் டீச்சர் பாட்டையே நிறுத்திவிட்டார். எல்லோரும் கையைக் கீழே போட்ட பிறகும் இன்னொரு தட்டு விழுந்தது. பிள்ளைகள் விலகி நின்றார்கள்.

"இவ வேற யாருக்கோ தட்டுதா டீச்சர்" என்றாள் ஒருத்தி.

அந்த வருஷம் திரேஸ்புரத்துக் கடலில் ஒரு பெண் விழுந்து செத்திருந்தாள். அவள்தான் அக்கா மேல் வந்திருக்கிறாள் என்று சாயங்காலத்துக்குள் தெருவே பேசியது.

அப்பா தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். அவருக்கும் பங்குச் சாமியாருக்கும் தெரியாமல் அம்மா எங்களை வேம்பார்ப் பக்கம் பேயோட்டுகிற ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனாள். உச்சிவெயில். உப்பளத்து வெள்ளையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. குடிசைக்குள்ளோ இருட்டும் சாம்பிராணிப் புகையும். அக்கா பயப்படக்கூடாதென்று என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தாள் அம்மா.

"பேரச் சொல்லுளா, எங்கேருந்து வாரே?" என்று கேட்டபடி கோடாங்கி உடுக்கையை அடித்தார். மெதுவாக ஆரம்பித்த சத்தம் வேகமெடுத்தது. அக்கா அசையாமல் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலைதான் ஆட ஆரம்பித்தது. நிறுத்தப் பார்த்தேன், கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை. பிறகு தோளும் சேர்ந்துகொண்டது. அம்மா அலறினாள்.

உடுக்கை நின்றது.

"மூத்தவ மேல ஒண்ணும் இல்லம்மா. இந்தச் சின்னதப் பாரு."

கையில் தாயத்தோடு திரும்பினேன். பஸ்ஸில் அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். அக்கா என் காதருகே குனிந்தாள்.

"ஏளா, அவரு அடிச்சப்ப உனக்கு என்ன கேட்டுது?"

"உடுக்கதான்."

"அதில்ல. ஆடச் சொல்லி என்ன கேட்டுது?"

என்மேல் பேய் இருக்கிறதா என்று பயந்து கேட்கிறாள் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பேயும் இல்லை, படிப்பும் வரவில்லை என்றானபின் அக்காவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வீட்டில் காரணம் கிடைக்கவில்லை. அடுத்த வாரமே நிறுத்திவிட்டார்கள். தாளம் எங்கே விழுகிறது என்பது சில பிள்ளைகளின் காதுக்குப் பிடிபடாது, சொல்லை அசை பிரித்து வாசிப்பதும் அவர்களுக்குச் சிரமமாக இருப்பதுண்டு என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொல்லக் கேட்டேன். எங்கள் எல்லோருக்கும் கேட்டு, தனக்கு மட்டும் கேட்காத ஒன்றைத்தான் அக்கா அன்று என்னிடம் விசாரித்தாள் என்பது அந்த பஸ்ஸில் எனக்குத் தெரியவில்லை.