முப்பத்தேழு சதவீதம்

திருக்கோகர்ணத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அவருக்கு நரைத்த மீசை. சட்டைப் பையில் பேனா இருக்கும் இடத்தில் ஒரு பள்ளிக்கூட ரப்பர். என் பழைய கம்ப்யூட்டரில் இயங்குதளத்தை மறுபடி ஏற்ற வீட்டுக்கு வந்திருந்தார். முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது, ஒரு மணி நேரமாக அசையவில்லை. உள்ளே, வேறெங்கும் நகல் இல்லாத என் இருபது வருடக் கவிதைகள். வேறு டிரைவில் பத்திரமாக இருக்கும் என்றார். கேட்கிற மனமா என்னுடையது? கூடத்துக்கும் அறைக்குமாக அலைந்தேன்.

“உக்காருங்க சார். நீங்க நடந்த நடைக்கு இந்நேரம் கீரனூரே போயிருக்கலாம்.”

பிறகு கம்ப்யூட்டரை அணைத்தார். ரேம் என்கிற நினைவகத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை ரப்பரால் பொறுமையாகத் தேய்த்து, ஊதி, மாட்டினார். மறுபடி தொடங்கியது; இம்முறை நிற்காமல் ஓடி முடிந்தது.

“எல்லாம் இருக்கான்னு பாருங்க.”

இருந்தன, ஒன்று விடாமல். மகிழ்ச்சியில் திரும்பினால், அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கிறார்.

“கவிதைதாங்க, நீங்களும் பாருங்க.”

“வேணாங்க. அடுத்தவங்க ஃபைலை நான் பாக்குறதில்ல.”

நான் வலிய நீட்டியும் நேரமில்லை என்றவர்களே அதிகம். என் வரிகளை அந்தரங்கமென்று மதித்தவர் இவர் ஒருவர்தான். வருந்துவதா, பெருமைப்படுவதா என்று தெரியாமலே அவருக்கு இன்னொரு டீ போட்டேன்.