எரியாத வீட்டுக் கூரை

தீயணைக்கிறவரைக் கண்டால் ஊரே கையெடுத்துக் கும்பிடும் என்று நினைக்கிறவர்கள், தீயணைக்கிறவரைக் கட்டிக்கொள்ளாதவர்கள். என்னைப்போலக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உலை கொதிக்கும்போது வண்டி மணி கேட்கும். சோறு வடிப்பதற்குள் ஆள் போயிருப்பார்.

என் வீட்டுக்காரர் அறுபதுகளில் செஞ்சியில் லீடிங் ஃபயர்மேன்; வண்டியோடு போகிற ஆட்களுக்குத் தலைவர். ஒரு வண்டி, ஒரு தகரக் கொட்டகை, அதன் முன்னால் ஒரு வேப்பமரம். நிலையம் என்பது அவ்வளவுதான். கடைத்தெருவுக்குப் பின்னால் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஓலை வீடு இருந்தது. தெரு முழுக்க ஓலைக் கூரைகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். மழைக்காலத்தில் அந்த ஓலைகளின் சத்தத்தைக் கேட்க எனக்குப் பிடிக்கும். அவர் அண்ணாந்து பார்த்தால் அவருக்குத் தெரிவது வேறு. இரண்டு கூரைகளுக்கு நடுவில் ஒரு முழம் இடைவெளியாவது விடக்கூடாதா என்று முணுமுணுப்பார்.

சிங்கவரத்துக் கிணறு

அப்போதெல்லாம் கிராமத்தில் தீப்பிடித்தால் யாராவது சைக்கிளில் வந்துதான் சொல்ல வேண்டும். சிங்கவரத்திலிருந்து ஒருவர் அப்படி வந்தார். மூச்சு வாங்கியதில் ஊர்ப் பெயரைச் சொல்லவே நேரமாயிற்று. அவரையும் சைக்கிளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மணியடித்தபடி போனார்கள். போய்ச் சேர்ந்தபோது மல்லாட்டைக் கொடிப் போர் (வேர்க்கடலைக்கு அங்கே அந்தப் பெயர்) மொத்தமும் சாம்பலாகி, நடுவில் கொஞ்சம் புகை மட்டும் சோம்பலாக எழுந்துகொண்டிருந்ததாம். மாட்டுக்கு அந்த வருஷத்துத் தீனி அது.

போருக்குச் சொந்தக்காரர் கோபப்படவில்லை. எல்லோருக்கும் மோர் கொடுத்தார். தாமதமாகிவிட்டது என்று இவர் சொல்ல ஆரம்பித்ததும், அந்த மனிதர் வண்டியின் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "பரவால்ல சார், வந்ததுதான் வந்துட்டீங்க. இதுல இருக்குற தண்ணிய நம்ம கெணத்துல ஊத்திட்டுப் போங்க. வத்திக் கெடக்குது."

தொரட்டி

சித்திரையில் கிணறுகளில் வாளி தரையைத் தட்டும். வண்டித் தொட்டியில் இருக்கிற தண்ணீர் ஒரு வீட்டை நனைக்கக்கூடப் போதாது. அதனால் ஓலைத் தெருவில் தீப்பிடித்தால் இவர்கள் முதலில் எடுப்பது தண்ணீர்க் குழாயை அல்ல. நீளக் கழியில் கொக்கி மாட்டிய தொரட்டியை. எரிகிற வீட்டை விட்டுவிட்டு, அதற்கு ஒரு வீடு தள்ளி இன்னும் பற்றாத கூரையில் கொக்கியை மாட்டி, நாலு பேராகப் பிடித்து இழுத்துச் சரித்துவிடுவார்கள். ஓலையை வாரித் தூர எறிந்துவிட்டால் நெருப்புக்குத் தாவ இடமிருக்காது. தெரு பிழைக்கும்.

தெரு பிழைக்கும், ஆனால் அந்த வீட்டுக்காரன் பிழைத்ததாக நினைக்கமாட்டான். எரிந்த வீட்டுக்கு ஊரார் அரிசி கொண்டுவருவார்கள், பழைய புடவை கொண்டுவருவார்கள். பிய்த்த வீட்டுக்கு யாரும் எதுவும் கொண்டுவருவதில்லை. ஒருமுறை வேலை முடிந்து கரியும் வியர்வையுமாக நின்ற இவரிடம், கூரையைப் பறிகொடுத்த ஒரு கூலிக்காரர் வந்து, குரலை உயர்த்தாமலே கேட்டார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அதை இவர் எனக்கு அப்படியே சொன்னார்: "நெருப்பு எங்கூட்டுக்கு வர்லியே சார். நீதானே வந்த."

கிணற்றடி

அந்த ஊரில் இவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: கூரைபிடுங்கி. கடைத்தெருவில் யாரும் நேரே சொல்லமாட்டார்கள். நான் கடந்துபோன பிறகு என் முதுகுக்குச் சொல்வார்கள். தெருக் கிணற்றடியில் அந்த மரியாதையும் கிடையாது. உங்கள் வீட்டுக்காரர் நெருப்பணைக்கப் போகிறாரா, கூரை பிரிக்கப் போகிறாரா என்று என் எதிரிலேயே கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, பிறகு என் குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைப்பவள் பக்கத்து வீட்டு மும்தாஜ். புருஷன் இல்லாதவள். தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் ரவிக்கை தைத்துத் தன் மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள். காலால் மிதிக்கிற தையல் மெஷின் அவளுடையது; பகலெல்லாம் அதன் சத்தம் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றால் வீட்டில் யாரோ பேச்சை நிறுத்தியது போலிருக்கும்.

ஒருநாள் அங்கே என் காதில் விழுந்ததை இவரிடம் சொன்னேன். எப்போதும் போலச் சிரிப்பார் என்று பார்த்தேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார். கிணற்றடியில் ஒருத்தி என்னிடம் கேட்டது இதுதான்: "ஊருல எத்தினி கூரைய எறக்குனாரு, ஒங்க கூரை மட்டும் எப்பவும் பத்திரமா இருக்குது, இன்னாம்மா ரகசியம்?"

எங்கள் தெரு

கத்திரி வெயிலில் ஒரு மத்தியானம் எங்கள் தெருவின் மேற்குக் கோடியில் ஒரு அடுப்பிலிருந்து கூரை பற்றிக்கொண்டது. மேற்கே ராஜகிரிக் கோட்டை மலைப் பக்கமிருந்து காற்று. வண்டி வந்தபோது மூன்று நான்கு வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அதற்கடுத்து இன்னும் பற்றாத ஒரு வீடு, அதை அடுத்து மும்தாஜ் வீடு, அதை அடுத்து எங்கள் வீடு. மும்தாஜ் தைத்த துணியைக் கொடுக்க மகளோடு கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். கதவு பூட்டியிருந்தது. நான் எங்கள் பாத்திரங்களை வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிடுங்க வேண்டியது மும்தாஜ் கூரை. இது அவருக்குத் தெரியும். அவரோடு வாழ்ந்ததால் எனக்கும் தெரியும். கொக்கியை அந்தக் கூரையில் மாட்டிவிட்டார். அப்போது கூட்டத்தில் யாரோ, தன் வீட்டைக் காப்பாற்றப் பாவம் தாலியறுத்தவள் வீட்டில் கை வைக்கிறார் பார் என்றார்கள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இவர் கை நின்றது. கொக்கியை எடுத்து எங்கள் கூரையில் மாட்டினார். டிரைவர் பெருமாள் ஓடிவந்து, "அண்ணே, அந்த வூடுண்ணே" என்றான். "இதான். இழு" என்றார்.

எங்கள் கூரை சரிந்தது. நெருப்பு நடுவிலிருந்த வீட்டைத் தின்று, மும்தாஜ் வீட்டையும் முழுசாகத் தின்று, எங்கள் வெறும் மண்சுவரில் வந்து முட்டி நின்றது. கிழக்கே உள்ள வீடுகள் பிழைத்தன. முதல்முறையாக ஊர் அவரைக் கும்பிட்டது. டீக்கடைக்காரர் பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார். கூரைபிடுங்கி என்று பேர் வைத்தவர்களே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் சொன்னார்: "மனுசன்னா இவருதான்யா. தன் வூட்டையே பிடுங்கிப் போட்டாரு."

மும்தாஜ்

மகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, சாம்பல் ஆறிய பிறகு மும்தாஜ் வந்தாள். மெஷினின் மரப்பலகை போய், சக்கரம் கோணி, இரும்பு வெந்து கறுத்துக் கிடந்தது. கூரையைப் பிடுங்கியிருந்தால் அதன்மேல் ஓலைக் குப்பை விழுந்திருக்கும், அவ்வளவுதான். உதறிவிட்டு மறுநாளே தைக்க உட்கார்ந்திருப்பாள். இவரும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைத் தெருவுக்குத் தூக்கி வந்தார்கள். பழைய இரும்புக்காரன் எடுத்துப் போவதற்காக.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யார் என்ன பேசினார்கள் என்பதும். அழுதுவிடுவாள் என்று நான் பயந்தேன். அவள் கையில் ஒட்டிய கரியைப் பார்த்தபடி, பக்கத்து வீட்டுக்காரரிடம் சர்க்கரை கேட்கிற குரலில் சொன்னாள்: "பேசறவங்க பேசிட்டுப் போறாங்கண்ணே. எங்கூட்டுக் கூரைய நீங்க பிடுங்கியிருக்கலாம்ல."

அவர் குனிந்து மெஷினை இன்னும் கொஞ்சம் தெரு ஓரமாக நகர்த்தி வைத்தார். அவள் மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ரவிக்கைகளைக் கையாலேயே தைத்தாள் என்று கேள்விப்பட்டோம். நாங்கள் புதுக் கூரை போட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அதன்பிறகும் இவர் எத்தனையோ தெருக்களில் கொக்கி மாட்டினார், எத்தனையோ பேர் சாபமிட்டார்கள், எதற்கும் கை நிற்கவில்லை. மாற்றலாகிப் போகும்போது கடைத்தெருக்காரர்கள் மாலை போட்டு, தன் கூரையைத் தானே பிடுங்கிய கதையைத்தான் மறுபடி சொன்னார்கள். மாலையைக் கழற்றிப் பெருமாள் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் பேச்சு முடியுமுன்பே வெளியே வந்துவிட்டார்.

ஆகவே, என்னைப்போல் வாழ்க்கைப்பட்டவர்களே, உங்கள் வீட்டுக்காரரை ஊர் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்றால், இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.