சாமி என்று நினைத்த மூச்சு

ஊரே காய்ச்சலில் படுத்த வருஷம் அது. ராயக்கோட்டையிலிருந்து ஐந்து மைலில் எங்கள் ஊர். என் ஓரகத்தி, கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு வந்தவள், பத்தொன்பது வயசு. நாலு நாள் அனலாய்க் கொதித்தாள். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு ஜில்லென்று இருந்தது. "எறங்கிருச்சு" என்று மாமியார் ரசம் வைக்கப் போனார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

காய்ச்சல் விட்டவள் படுத்துத் தூங்க வேண்டாமா? அவள் படுக்கவே இல்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். உஸ், உஸ் என்று மூச்சு, ஓடி வந்தவளைப் போல. தெருவில் நின்றாலும் கேட்டது. கண் எங்களைத் தாண்டி எதையோ பார்த்தது. "வாசல்ல எத்தன பேரு நிக்கறாங்க" என்றாள். வாசலில் ஒருவருமில்லை.

எங்கள் பக்கம் சாமி வந்தால் இப்படித்தான் மூச்சு வாங்கும். மாமியார் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டார்.

"மாரியாத்தா வந்திருக்கா. யாரும் தொடாதீங்க."

வேப்பிலை வந்தது, கற்பூரம் வந்தது. கதவைச் சாத்திச் சாம்பிராணி போட்டோம். தெருப் பெண்கள் வந்து குறி கேட்டார்கள். அவள் ஒரு சொல் சொல்வாள், மூச்சு முட்டும், நிறுத்துவாள். அந்த அரைச்சொல்லை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி போனார்கள். நானும் கேட்டேன். கல்யாணமாகி ஆறு வருஷம் எனக்கு. "ஒரு புள்ள குடு தாயே" என்று காலில் விழுந்தேன். கால் சில்லிட்டிருந்தது. நகமெல்லாம் நீலம் பாரித்திருந்தது. அதைப் பார்த்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மத்தியானம் புளி வாங்க வந்த பாய் வாசலில் வண்டியை நிறுத்தினார். உள்ளே கேட்ட சத்தத்தில் அவர் முகம் மாறிவிட்டது.

"கதவத் தொறங்கம்மா. இது சாமி இல்ல. என் தம்பிக்கும் காய்ச்சல் எறங்கின பொறவுதான் இப்பிடி மூச்சு ஏறுச்சு. விலாவுக்குக் கீழ குழி விழுது பாருங்க. உதடு கருத்துப் போச்சு பாருங்க. நெஞ்சுல எறங்கிருச்சும்மா, ஆஸ்பத்திரிக்கு எடுங்க."

"உங்க தம்பி இப்ப எப்பிடி இருக்காரு?" என்றேன். அவர் வண்டியிலிருந்த மூட்டைகளைக் கீழே தள்ளினார்.

மாமியார் தடுத்துப் பார்த்தார். நான் கேட்கவில்லை. வண்டியில் அவளை என் மேல் சாய்த்துக்கொண்டேன். வெளிக்காற்று பட்டதும் கொஞ்சம் தெளிந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா... மூச்சு விட முடியாம கெடந்தேன்... ஏன் எல்லாரும் என்னக் கும்பிட்டீங்க?"

அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். ராயக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது அந்த மூச்சு நின்றுவிட்டது.