கவிழாத ரயிலுக்கு ஒரு நினைவுக்கல்

அமீரகத்தில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து கட்டட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர் வேலுச்சாமிக்கு, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று ஒரு தாத்தா கிடைத்தார்.

தாத்தா முன்பும் இருந்தவர்தான். நாற்பத்திரண்டில், உலகப் போர் நடந்த சமயம், ராணுவச் சரக்கு வண்டியைக் கவிழ்க்கத் தண்டவாளத்தைக் கழற்றி ஜெயிலுக்குப் போனவர். அந்தக் காரணத்துக்காகவே அவர் வீட்டுக்குப் பெண் கொடுக்க ஊர் பயந்தது. இப்போது அமீரகத்தில் இருக்கும் ஊர்க்காரர்களின் கருவேலங்குளம் நலச்சங்கம், ஊர் விலக்கில் மெயின் ரோட்டு ஓரமாக அவருக்கு நினைவுக்கல் வைக்கப்போகிறது.

சங்கத் தலைவர் சரவணகுமார் அல் குசைஸில் இருந்த தன் ஆபீசுக்கு வேலுச்சாமியை வரவழைத்து, ஏசியைக் கூட்டிவைத்துக் கதை கேட்டார். அப்பா சொன்னதை வேலுச்சாமி அப்படியே சொன்னார். விடியற்காலையில் தாத்தா தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார். சரக்கு வண்டிக்குப் பதிலாகப் பாசஞ்சர் வண்டி வந்தது. ஜன்னலோரத்தில் பிள்ளைகளின் தலைகளைப் பார்த்ததும், இடுப்பிலிருந்த சிவப்புத் துண்டை உருவி ஆட்டிக்கொண்டே வண்டிக்கு எதிரே ஓடினார். வண்டி நின்றது. போலீஸ் பிடித்துக்கொண்டது.

சரவணகுமாரின் முகம் சுருங்கிவிட்டது. "என்னண்ணே இது? கழட்டுனவரே நிப்பாட்டுனா அதுல என்ன வீரம் இருக்கு? வண்டி கவுந்துச்சுன்னு வச்சுக்குவோம்."

"கவுறலையே, தம்பி."

"கல்லுல எழுதிட்டா கவுந்துரும்."

வேலுச்சாமி தலையை ஆட்டிவிட்டு வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமையே கேம்பில் அவருக்குத் தனி நாற்காலி போட்டார்கள். மெஸ்ஸில் ஒரு துண்டு மீன் கூடுதலாக விழுந்தது. 'தியாகி பேரன்' என்று கூப்பிட்டபோது உடம்பு கூசியது. பிறகு, கூப்பிடாத நாளில் கோபம் வந்தது. கவிழ்ந்த கதையை ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வண்டிக்கு ஒரு பெட்டி கூடியது. வெள்ளைக்கார சிப்பாய்கள் பெட்டி பெட்டியாக வந்து ஏறிக்கொண்டார்கள்.

திறப்பு விழா அல் குசைஸில் ஒரு ஹாலில் நடந்தது. ஊரில் கல்லைத் திறப்பதைத் திரையில் காட்டினார்கள். கல்லில் புரவலர்களின் படங்கள் தேர்தல் போஸ்டர் போல வரிசையாக இருந்தன. தாத்தாவின் பெயர், கல் அடித்தவரின் போன் நம்பருக்கு மேலே, அதே அளவில் இருந்தது. தலைமை விருந்தினர் கலீலுர் ரஹ்மான், தேராவில் மசாலாக் கடை வைத்திருப்பவர், பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். கல்லுக்குப் பெரும்பங்கு கொடுத்தவரும் அவரே.

வேலுச்சாமி மைக்கைப் பிடித்து, "ஒரு சிப்பாய்கூட, ஒரு பயணிகூட மிச்சமில்ல!" என்று முடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும் கலீலுர் ரஹ்மான் மெதுவாக எழுந்தார்.

"நம்ம ஸ்டேஷன் பக்கம், நாற்பத்திரண்டுல, காலை வண்டிதானே?"

"ஆமா பாய்."

"அதுலதான் எங்க பாட்டனார் மாப்பிள்ளையாப் போனாங்க. அன்னைக்கி நிக்காஹ். எல்லாரும் செத்துட்டாங்கன்னா, நான் எப்படிப் பொறந்தேன்?"

சரவணகுமார் ஓடிவந்து காதோடு சொன்னார்: "பாய், வேணும்னா 'ஒரு மாப்பிள்ளையைத் தவிர'ன்னு ஒரு வரி சேர்த்துரலாம்."

வேலுச்சாமிக்கு நெஞ்சுக்குள் ஏதோ லேசானது போல இருந்தது. மைக் கையிலேயே இருந்தது. "வண்டி கவுறல பாய். எங்க தாத்தாதான் துண்டைக் காட்டி நிப்பாட்டுனாரு. அதுக்குத்தான் மாட்டுனாரு" என்றார்.

இதற்கு யாரும் கைதட்டவில்லை. கலீலுர் ரஹ்மான் மட்டும் மேடையேறி வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கல்லை மாற்றச் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. 'அனைவரும் மாண்டனர்' என்ற வரியை ஒரு மாலையால் மறைக்க ஏற்பாடானது. மாலையை ஆடு தின்றுவிடுவதால், வாரத்தில் பாதி நாள் எல்லாரும் மாண்டே கிடக்கிறார்கள். கேம்பில் நாற்காலி போனது, மீனும் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை கலீலுர் ரஹ்மான் அவரைத் தேராவுக்கு அழைத்துப் பிரியாணி போட்டார். சாப்பாட்டுக்கு நடுவில் ஊரிலிருக்கும் தன் தாயாரைப் போனில் பிடித்து, வேலுச்சாமியிடம் நீட்டினார்.

"நீதான் அந்தத் தண்டவாளத்துக்காரன் பேரனா வாப்பா?" என்றது கிழக்குரல். "வண்டி நின்ன எடத்துலேர்ந்து மாப்பிள்ளை வெயில்ல நடந்தே வந்து சேர்றதுக்குள்ள கல்யாணச் சோறு அம்புட்டும் ஊசிப்போச்சாம். அன்னைக்கிப் பொண்ணா உக்காந்திருந்த எங்க மாமி மவுத்தாவுற வரைக்கும் உன் பாட்டனை ஏசிக்கிட்டேதான் இருந்தாக."

வேலுச்சாமி எச்சில் கையோடு எழுந்து நின்று, "மன்னிச்சுக்கங்க, ஆத்தா" என்றார்.