ஓர் ஏணிக்கு எத்தனை சொட்டு

முப்பத்தோரு வருடமாக மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பிழைப்பு நடத்தியவள் கத்திரி. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. படச்சுருளைக் கத்தரிக்கோலால் வெட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. கத்தரிக்கோல் போய்க் கணினி வந்து இருபது வருடமாகியும் பெயர் போகவில்லை. அவளுடைய நாக்கும் ஒரு காரணம் என்று எடிட்டிங் கூடத்தில் சொல்வார்கள், அவள் காதில் விழாத தூரத்தில்.

நெட்டை, குட்டை என்று ஊரே அழைத்த இரண்டு நகைச்சுவை நடிகர்கள் ஒரு காலத்தில் ஜோடியாக நாற்பத்து மூன்று படங்களில் விழுந்து புரண்டு, அடித்துக்கொண்டு, ஒன்றாகப் புகழ்பெற்று, தனித்தனியாகச் செத்துப்போனார்கள். அந்தப் படங்களிலிருந்து நல்ல காட்சிகளைப் பொறுக்கி ஒன்றரை மணி நேரத் தொகுப்புப் படமாக வெளியிடுவது ஒரு தயாரிப்பாளரின் தொழில். பொறுக்குவது கத்திரியின் தொழில். இரண்டு தொகுப்புகள் வந்துவிட்டன. இரண்டும் நன்றாக ஓடின. இரண்டையும் நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம், பதினோரு விநாடி.

நெட்டை ஏணிமேல் நின்று கூரைக்குச் சாயம் அடிக்கிறான். குட்டை கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். குட்டையின் வழுக்கையில் ஒரு சொட்டு விழுகிறது. பிறகு இன்னொன்று. ஏழாவது சொட்டு விழுந்ததும் அவன் அண்ணாந்து பார்ப்பதில்லை, திட்டுவதுமில்லை. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நம்மைப் பார்க்கிறான். பதினோரு விநாடி பார்க்கிறான். மேலே நெட்டை ஒன்றுமறியாமல் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருக்கிறான். குட்டை ஏணியை மெல்ல விட்டுவிட்டுக் கை கழுவப் போகிறான். நெட்டை விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

முதல் தொகுப்பில் தயாரிப்பாளர் பதினோரு விநாடியை இரண்டு விநாடியாக்கினார். "ஒண்ணுமே நடக்கலையேம்மா. சும்மா நிக்கிறான். ஜனங்க எழுந்து போயிடுவாங்க." ஜனங்கள் எழுந்து போகவில்லை, சிரிக்கவுமில்லை. இரண்டாவதில் பதினொன்றையும் பெருந்தன்மையாக விட்டுவைத்தார், ஆனால் அதன்மேல் ஒரு வர்ணனைக் குரலை ஏற்றினார். 'பாவம் நம் குட்டை! அவர் மனத்தில் இப்போது என்ன ஓடுகிறது தெரியுமா?' தெரியும், எல்லோருக்கும் தெரியும், அதனால்தானே அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை என்று கத்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சுவரிடம் கத்தினாள்.

வீட்டிலும் ஆதரவு இல்லை. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். உயரத்திலிருந்து விழுவது அவருக்கு வேடிக்கையான விஷயமே அல்ல.

"ஏணி பிடிக்கிறவன் கைய விட்டா எங்க கம்பெனியில அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்பார். "இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"உங்களுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

மூன்றாவது தொகுப்புக்குக் கூப்பிட்டபோது அவள் தயாரிப்பாளரிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "ஏணி சீன் முழுசா இருக்கணும், மேல யாரும் பேசக் கூடாது. அப்படின்னா செய்யறேன். இல்லேன்னா வேற ஆளப் பாருங்க." அவர் தலையாட்டினார். அவர் எல்லோருக்கும் தலையாட்டுகிறவர், அதுதான் சிக்கல்.

இந்தத் தடவை அவர் வேறு இரண்டு பேருக்கும் தலையாட்டியிருந்தார். படங்களின் உரிமை இரண்டு நடிகர்களின் வாரிசுகளிடமும் சரிபாதியாக இருந்தது. ஒரு கையெழுத்து குறைந்தாலும் படம் வெளிவராது. சென்ற தொகுப்பில் தன் அப்பா அறுபத்திரண்டு அடி வாங்கி, பத்தொன்பதுதான் திருப்பிக் கொடுத்தார் என்று குட்டையின் மகன் எண்ணிக் கண்டுபிடித்திருந்தான். ஆகவே புது நிபந்தனை: வாங்குகிற அடி இருவருக்கும் சமமாக இருக்க வேண்டும்.

ஆளுக்கொரு ஸ்டாப்வாட்சோடு இருவரும் எடிட்டிங் அறையில் வந்து உட்கார்ந்தார்கள். குட்டையின் மகன் ஆறடி உயரம். கதவில் குனிந்துதான் நுழைந்தான். நெட்டையின் மகளுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. இயற்கைக்கும் கொஞ்சம் நகைச்சுவை உண்டு.

நான்கு நாளில் மற்ற காட்சிகள் ஒருவழியாகச் சமமாயின. தயாரிப்பாளர் வெள்ளைப் பலகையில் அட்டவணை போட்டிருந்தார். அறை, ஒன்று. பின்புறத்தில் உதை, ஒன்றரை. முகத்தில் கேக், இரண்டு. க்ரீம் இல்லாத கேக் என்றால் ஒன்றரை. ஐந்தாம் நாள் ஏணி வந்தது.

"எங்கப்பா தலையில ஏழு சொட்டு" என்றான் மகன். "இவங்கப்பா விழுறது ஒரே ஒரு தடவை. எந்த ஊர் நியாயம் இது?"

"சொட்டும் ஏணியும் ஒண்ணா அண்ணே? நீங்க ஏறி விழுந்து பாருங்க, தெரியும்."

"விழுந்ததக் காட்டவே இல்லையேம்மா! சத்தம்தானே கேக்குது?"

"காட்டாம விழுந்தா வலிக்காதா?"

ஓர் ஏணி மூன்று சொட்டுக்குச் சமம் என்றான் அவன். இருபத்தொன்றுக்குக் குறைய மாட்டேன் என்றாள் அவள். இப்படியே மதியம் ஆயிற்று.

"அம்மா, நீங்கதான் அனுபவசாலி" என்று தயாரிப்பாளர் கத்திரி பக்கம் திரும்பினார். "ஓர் ஏணிக்கு எத்தனை சொட்டு போடலாம்?"

"உங்க மூணு பேருக்கும் சேர்த்தே ஒரு ஏணி போதும் சார்."

யாருக்கும் புரியவில்லை. தயாரிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வம்பே வேண்டாம். ஏணி சீனையே தூக்கிடுவோம்."

ஐந்து நாளில் முதல் தடவையாக வாரிசுகள் இருவரும் ஒரே சமயத்தில் "அதான் சரி" என்றார்கள்.

கத்திரிக்குத் தலைக்குள் ஏதோ கொதித்து வழிந்தது. எழுந்து போய்விடலாம், அப்படித்தான் சொல்லியுமிருந்தாள். ஆனால் எழுந்து போனால் நாளைக்கு இந்த நாற்காலியில் உட்காருகிறவன் எதையும் கேட்காமல் தூக்கிவிடுவான். அவள் வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். இத்தனை நாள் எரிச்சல் மூட்டிய அட்டவணை அவளுக்கு இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

"தூக்கிடலாம்" என்றாள். "தம்பி, உங்ககிட்ட ஒண்ணு மட்டும் கேக்கறேன். நாற்பத்து மூணு படத்துல உங்கப்பா முகம் மட்டும் தனியா திரை முழுக்கப் பதினோரு விநாடி வர்ற இடம் எது?"

அவன் யோசித்தான். ஸ்டாப்வாட்சைப் பார்த்தான், அது உதவவில்லை.

"இது ஒண்ணுதான். மத்த எல்லாத்துலயும் அவங்கப்பா தோளோ முழங்கையோ குறுக்க வந்துடும்."

"அப்போ இது இருக்கணும்" என்றான் அவன் அவசரமாக. "ஏணிக்கு ஏழு சொட்டுன்னே போட்டுக்குங்க."

"அதெப்படி?" நெட்டையின் மகள் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். "அவர் முகத்துக்குப் பதினோரு விநாடின்னா எங்கப்பாவுக்கு எங்க?"

"அதே பதினோரு விநாடிதான்மா. நல்லாக் கேளுங்க. மேல பாடிக்கிட்டிருக்கிறது யாரு? அவர் முகம், உங்கப்பா குரல். வேற எந்தச் சத்தமும் கிடையாது."

அவள் கேட்டாள். திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாள். மூன்றாம் முறை ஸ்டாப்வாட்சை வைத்து அளந்தாள். பதினொன்று. பதினொன்றுக்குப் பதினொன்று.

தயாரிப்பாளர் மெல்ல ஆரம்பித்தார். "கொஞ்சம் நீளமாத்தான்..."

"ஒரு விநாடி குறைஞ்சாலும் கையெழுத்து கிடையாது" என்றான் மகன்.

"சரி, ஜனங்களுக்குப் புரியற மாதிரி மேல ஒரு வர்ணனையாவது..."

"எங்கப்பா குரல் மேல இன்னொருத்தன் பேசுவானா?" என்றாள் மகள். "பேசிப் பாக்கட்டும்."

கத்திரி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு தொகுப்புகளில் தொண்டை வற்றக் கத்தி அவளால் காப்பாற்ற முடியாததை, சினிமாவைப் பற்றி ஒன்றும் தெரியாத இரண்டு பிடிவாதங்கள் ஒரே நிமிடத்தில் காப்பாற்றிவிட்டன. சந்தோஷப்படத்தான் வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

படம் வெளியான அன்று முதல் காட்சிக்கு வீட்டுக்காரரையும் அழைத்துப் போனாள். ஏழாவது சொட்டு விழுந்தது. குட்டை நம்மைப் பார்த்தான். மூன்று விநாடி அரங்கம் அமைதியாக இருந்தது. நான்காவதில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். எட்டாவதில் அரங்கமே குலுங்கியது, ஏணியை விடுவதற்கு முன்பே. விழுகிற சத்தம் யார் காதிலும் விழவில்லை.

வெளியே வரும்போது கத்திரி அரங்கின் கனத்த கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த வாரிசுகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"எட்டாவது விநாடி சிரிப்பு எங்கப்பா முகத்துக்கு" என்றான் மகன்.

"பாட்டு அந்த இடத்துலதான் மேல ஏறுது. அது எங்கப்பாவுக்கு!"

"அம்மா, நீங்க சொல்லுங்க."

"ஆமா, நீங்களே சொல்லுங்கம்மா. யாருக்கு?"

"அடுத்த தொகுப்புல சிரிப்பையும் அட்டவணையில சேத்துடணும்மா. ஒரு சிரிப்புக்கு எத்தனை அறை?" என்றான் மகன்.

கத்திரி அவர்களைப் பார்க்கவில்லை. நேரே, சற்றுத் தள்ளி நின்ற தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் வெகு நேரம் பார்த்தாள். பிறகு கதவை மெல்ல விட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

பின்னால் ஒரு ஸ்டாப்வாட்ச் தரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. உயரத்திலிருந்து விழுவதில் சிரிக்க ஒன்றுமே இல்லை என்ற மனுஷர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தமும்.